குதிரைத் தோலில் சார்கொயிட் கட்டி: கை வைப்பதற்கு முன்பிருந்து ஆறிய பிறகு வரை

திருகோணமலையில் கடற்கரைச் சவாரிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். இங்குள்ள கால்நடை வைத்தியர்களின் அன்றாட வேலை பெரும்பாலும் மாடு, ஆடு, நாய் என்றே போகிறது. ஆகவே குதிரையின் தோலில் ஒரு கட்டி தெரிந்தால் முதல் முடிவை எடுப்பவர் அதன் உரிமையாளர்தான். அந்த முதல் முடிவில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

மருந்தைவிட இங்கே வரிசை முக்கியம். கீழே உள்ள படிகளை எண்ணின்படியே செய்யுங்கள்.

1. முதலில் கையை எடுங்கள்

மருவைக் கண்டால் குதிரை வால்மயிரால் இறுகக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். குதிரைக்கே மரு வந்தால் கேட்கவா வேண்டும்! மயிர் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. கட்டிவிடுகிறார்கள். இன்னொருவர் அம்மான் பச்சரிசிப் பால் தடவச் சொல்வார், வேறொருவர் சுண்ணாம்பும் துருசும் என்பார். மாட்டுக்குக் குறி சுடும் கம்பியைக் காய்ச்சி வைத்தவர்களும் உண்டு.

அந்த மரு சார்கொயிட் என்ற தோல் கட்டியாக இருந்தால் இவை எல்லாமே கேடு. மேலே தெரியும் முடிச்சு அதன் ஒரு பகுதிதான். அதன் செல்கள் சுற்றியுள்ள தோலுக்குள் விரல் விட்டது போலப் பரவியிருக்கும். அரைகுறையாகச் சீண்டினால் எஞ்சியவை முன்பைவிட வேகமாக வளரும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த தட்டைப் படை, ஒரு முறை சுட்டதும் சில வாரங்களில் இரத்தம் கசியும் சதைப்பிண்டமாக மாறுவது இப்படித்தான்.

முதல் சிகிச்சைக்குத்தான் வெற்றி வாய்ப்பு அதிகம். தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததன் வாய்ப்பைக் குறைக்கும். அந்த முதல் வாய்ப்பை வால்மயிரில் செலவழிக்காதீர்கள்.

2. எதைப் பார்க்கிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்

குதிரைகளில் மிக அதிகமாகக் காணப்படும் தோல் கட்டி சார்கொயிட். கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும்கூட வரும். இதன் பின்னால் இருப்பது மாட்டு மரு வைரஸ்: போவைன் பாப்பிலோமா வைரஸின் 1, 2ஆம் வகைகள், சில இடங்களில் 13ஆம் வகை. மாட்டில் அது வெறும் மருவாக வந்து, பெரும்பாலும் தானாக உதிர்ந்துவிடும். குதிரையில் அப்படி எளிதில் போவதில்லை.

வைரஸ் பட்ட எல்லாக் குதிரைக்கும் கட்டி வராது. பரம்பரை ஏதுநிலையும் தோலில் ஏற்பட்ட காயமும் சேர வேண்டும். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குள் முதன்முறை தலைகாட்டும்.

நல்ல செய்தி இரண்டு. நுரையீரல், ஈரல் என்று உள்ளுறுப்புகளுக்கு இது தாவுவதில்லை. தடவிப் பார்க்கும் மனிதருக்கும் தொற்றாது. கெட்ட செய்தி, சேணவார் படும் இடத்திலோ கண் இமையிலோ வளர்ந்தால் குதிரையின் உழைப்பையும் பார்வையையும் அது பறித்துவிடும்.

3. தேவையானவற்றைத் திரட்டுங்கள்

ஒரு மில்லிமீற்றர் அளவுகோல், துணி தைக்கும் அளவு நாடா, கைப்பேசி, கொப்பி, செலவழிக்கக்கூடிய கையுறைகள். இவை போதும்.

குதிரையின் எடையையும் கணக்கிட்டு வையுங்கள். எடைத்தராசு இங்கே கிடைக்காது, ஆனால் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்றிமீற்றரை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து புட்டத்து எலும்பு முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். நெஞ்சுச் சுற்று 150, நீளம் 135 என்றால் ஏறக்குறைய 256 கிலோ.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மயக்க ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. சைலசின் என்ற மருந்து மாட்டுக்கு மிகக் குறைவாகவே போதும். குதிரைக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். கண்ணளவில் எடை சொன்னால், அரை மயக்கத்தில் நிற்கும் குதிரை வைத்தியரை உதைக்கும்.

கடைசியாக ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டது என்று தேடிப் பாருங்கள். விலங்குகளில் குதிரை அந்த நோய்க்கு மிக எளிதில் இரையாகும். பதிவு இல்லையென்றால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் சொல்லுங்கள்.

4. ஒரு கட்டியைக் கண்டால் மற்றவற்றையும் தேடுங்கள்

புதியவர்கள் கண்ணில் பட்ட ஒன்றைப் படமெடுத்து அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். சார்கொயிட் தனியாக வருவதைவிடக் கூட்டமாக வருவதே அதிகம். ஒன்றுக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு இன்னும் நான்கு இருப்பது தெரிந்தால் திட்டம் முழுவதும் மாறும்.

வெயில் ஏறுமுன், குதிரை அமைதியாக நிற்கும் நேரத்தில் தொடங்குங்கள். காதின் உள்ளும் புறமும், கண்ணைச் சுற்றி, வாயோரம், கழுத்து, பிடரி மயிருக்கு அடி, நெஞ்சு, முன்னங்கால் இடுக்கு, சேணவார் படும் கோடு, வயிறு, ஆண்குறி உறை அல்லது மடி, தொடையின் உட்புறம், வாலடி, கடைசியாக நான்கு கால்கள். மயிர் குறைந்த, வியர்வை தேங்கும், இலையான் மொய்க்கும் இடங்களைத்தான் இந்தக் கட்டி விரும்புகிறது. பழைய காயத் தழும்புகளை ஒன்றுவிடாமல் பாருங்கள்.

பார்வையை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். அமுக்கவோ நசுக்கவோ கூடாது. மயிருக்குள் மறைந்த பட்டாணி அளவு முடிச்சு விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

கொப்பியில் குதிரையின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு கோட்டுப் படம் வரைந்து, ஒவ்வொரு கட்டிக்கும் எண் கொடுங்கள். நீளம், அகலம், உயரம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். படம் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ஒரு படம் தூரத்திலிருந்து இடம் தெரியும்படி, ஒன்று கிட்டத்தில், ஒன்று பக்கவாட்டில். அளவுகோல் இல்லாத படத்தால் அடுத்த மாதம் ஒரு பயனும் இல்லை. வளர்ந்ததா, கிட்டே பிடித்து எடுத்ததா என்று யாருக்கும் தெரியாது.

5. வகையைப் பிரித்தறியுங்கள்

சார்கொயிட்டுக்கு ஆறு தோற்றங்கள் உண்டு. பெயர் முக்கியமில்லை, எதை எவ்வளவு அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பிரிவு.

தட்டை வகை: மயிர் உதிர்ந்த வட்டப் படை, சாம்பல் நிறம், மேலே மெல்லிய செதில், உள்ளே அரிசி அளவு மணிகள் தட்டுப்படலாம். மெதுவாக வளரும்.

மரு வகை: சொரசொரப்பான, வெடித்த மேற்பரப்பு. தட்டை வகையின் ஓரத்தில் முளைப்பதும் உண்டு.

முடிச்சு வகை: தோலுக்கு அடியில் உருண்டை. சிலவற்றில் மேல்தோல் சுதந்திரமாக நகரும், சிலவற்றில் ஒட்டியிருக்கும். இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டாத முடிச்சை வெட்டியெடுப்பது எளிது, ஒட்டியது கடினம்.

சதை வகை: மேல்தோல் இல்லாத, ஈரமான, சிவந்த பிண்டம். தொட்டால் இரத்தம் வரும், இலையான் விடாது. இது அவசரம்.

கலப்பு வகை: மேற்சொன்னவற்றில் இரண்டு மூன்று ஒரே இடத்தில்.

கொடிய வகை: தோலின் அடியில் நிணநாளங்கள் வழியே கயிறு ஓடுவது போல முடிச்சுகள் வரிசையாகப் பரவும். அரிது, பெரும்பாலும் கன்னத்திலும் முழங்கை, தொடையின் உட்புறத்திலும் வரும். இதைக் கண்டால் அன்றே தொலைபேசியை எடுங்கள்.

6. சார்கொயிட் இல்லாதவற்றைக் கழியுங்கள்

நம் பகுதியின் வெப்பத்திலும் ஈரத்திலும் தவறு அதிகம் நடப்பது இந்தப் படியில்தான். நிதானமாகப் படியுங்கள்.

இலையான் புண்: ஹப்ரோனீமா என்ற புழுவின் குஞ்சுகளை இலையான் ஈரமான இடத்தில் விட்டுச்செல்வதால் வருவது. கண்ணின் உள்மூலை, வாயோரம், ஆண்குறி, கால் காயம் ஆகிய இடங்களில் சிவந்த புண்ணாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் நொய்யரிசி போல மஞ்சள் மணிகள் தெரியும், விரலில் நறநறவென்று உராயும். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்துக்குப் புழுக்குஞ்சுகள் மடியும். சதை வகைச் சார்கொயிட்டோடு இதைப் போலக் குழப்புவது வேறொன்றில்லை. இரண்டும் ஒரே புண்ணில் இருப்பதும் உண்டு.

தேங்கு நீர்ப் புண்: பித்தியம் என்ற நீர்வாழ் நுண்ணுயிர் காரணம். மாரி மழைக்குப் பின் வயல்வெளியிலோ குளக்கரையிலோ தேங்கிய நீரில் நெடுநேரம் நின்ற குதிரையின் கால், வயிறு ஆகியவற்றில் வரும். வேறுபடுத்திக் காட்டுபவை மூன்று: தாங்க முடியாத அரிப்பு, நாளுக்கு நாள் விரியும் வேகம், புண்ணின் பொந்துகளிலிருந்து வெளிவரும் மஞ்சள் சாம்பல் நிறப் பவளத்துண்டு போன்ற கட்டிகள். குதிரை தன் புண்ணைத் தானே கடிக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

மிகைச்சதை: கால் காயம் ஆறும்போது மேலெழும் சிவப்புச் சதை. காயம் எப்போது பட்டது என்று தெளிவாகத் தெரிந்து, சமமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் இதுதான். ஆறாமல் ஒரு பக்கம் மட்டும் முடிச்சாக எழும்பினால் சந்தேகப்படுங்கள்.

படர்தாமரை: தட்டை வகையைப் போலவே வட்டமாக இருக்கும். ஆனால் விரைவாகப் பல இடங்களில் தோன்றும், பக்கத்துக் குதிரைக்கும் உங்கள் கைக்கும் தொற்றும், சில வாரங்களில் மயிர் மீண்டும் முளைக்கும். சார்கொயிட் படை மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும்.

குட்டிகளின் மரு: மூன்று வயதுக்குட்பட்டவற்றின் மூக்கிலும் உதட்டிலும் கொத்தாக வரும் சின்ன மருக்கள். இது குதிரைக்கே உரிய பாப்பிலோமா வைரஸ். பொதுவாகச் சில மாதங்களில் தானாகக் கொட்டிவிடும், எதுவும் செய்ய வேண்டாம். காதின் உள்ளே வரும் வெள்ளைப் படைகளும் குதிரை வைரஸால் வருபவை. அவை போகமாட்டா, ஆனால் தொல்லையும் தரமாட்டா.

வெண்ணிற, சாம்பல் நிறக் குதிரையின் வாலடியில் கறுப்பு உருண்டைகள் என்றால் அது மெலனோமா என்ற நிறமிச் செல் கட்டி. முதிய குதிரையின் ஆண்குறியில் பூக்கோவா போன்ற வளர்ச்சி என்றால் செதிட்செல் புற்றுநோய். இரண்டும் வேறு பாதை; வைத்தியரிடம் விடுங்கள்.

7. வைத்தியரை அழைக்கும் முறை

"குதிரைக்கு ஒரு மரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். வயது, எடை, எத்தனை கட்டி, எங்கே, எப்போதிலிருந்து, இதுவரை என்ன தடவினீர்கள் என்பவற்றை எழுதி, படங்களோடு அனுப்புங்கள். சுண்ணாம்பு தடவியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்தால் வெந்த தோலை நோயின் குணம் என்று அவர் நினைக்க நேரும்.

உள்ளூர் அரச கால்நடை வைத்தியர் குதிரை அனுபவம் குறைவு என்று தயங்கினால், அது நல்ல குணம். படங்களைப் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும்படி அவரிடமே வேண்டிக்கொள்ளுங்கள். ஹபரணை, தம்புள்ளை வழியாக லொறியில் குதிரையை ஏற்றிக்கொண்டு போவது அதற்குப் பிந்திய படி.

துண்டு வெட்டிப் பரிசோதிக்கலாமா என்ற கேள்வி வரும். தட்டை வகையில் வெட்டுவதே அதைத் தட்டியெழுப்பலாம். ஆகவே முடிவு வந்தவுடன் சிகிச்சை தொடங்க மருந்தும் பணமும் ஆளும் தயாராக இருந்தால் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். முழுக் கட்டியையும் எடுத்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. துண்டைப் பத்து வீத போர்மலினில், துண்டின் அளவைப்போலப் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். உப்பு நீரிலோ சாராயத்திலோ வைத்த துண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் பயனில்லை.

8. சிகிச்சையைத் தெரிவு செய்தல்

எல்லாச் சார்கொயிட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. இடம், வகை, எண்ணிக்கை, குதிரையின் பொறுமை, உங்கள் கைப்பணம் என்று எல்லாவற்றையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

விட்டுவைத்துக் கவனித்தல்: சேணமோ கடிவாளமோ உராயாத இடத்தில், வளராத சிறு தட்டை வகைக்கு இது முறையான தெரிவு. இளங்குதிரைகள் சிலவற்றில் இவை தானாக மறைவதும் உண்டு. ஆனால் மாதம் ஒரு முறை அளக்க வேண்டும். அளக்காமல் விடுவதற்குப் பெயர் கவனித்தல் அல்ல.

வெட்டியெடுத்தல்: கட்டியோடு ஒட்டி வெட்டினால் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆய்வுகள் சிலவற்றில் பாதிக்கு மேல் திரும்பியிருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். சுற்றியுள்ள நல்ல தோற்றமுள்ள தோலிலும் வைரஸின் டி.என்.ஏ. இருக்கும். அதனால்தான் ஓரத்தில் ஒன்று இரண்டு சென்றிமீற்றர் சேர்த்து எடுப்பார்கள், கட்டியைத் தொட்ட கத்தியால் நல்ல தோலைத் தொடமாட்டார்கள். கண்ணருகிலும் காலிலும் அவ்வளவு தோலை எடுக்க இடமிருக்காது.

உறையவைத்தல்: திரவ நைதரசனால் உறையவைத்து உருகவிட்டு, மீண்டும் உறையவைப்பது. ஒரு முறை உறைந்த செல் பிழைத்துக்கொள்ளும் என்பதால் குறைந்தது இரு சுற்று. செயற்கைக் கருவூட்டலுக்காகத் திரவ நைதரசன் வைத்திருக்கும் இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். சிறிய, மேலோட்டமான கட்டிகளுக்கே ஏற்றது. பின்னர் அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைக்கும்.

கட்டிக்குள் ஊசி: சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பொதுவாக நான்கு தடவை செலுத்துவார்கள். நல்ல பலன் தருவது. ஆனால் மனிதருக்கும் நச்சு. கர்ப்பிணிப் பெண்கள் அந்தக் குதிரையின் பக்கமே வரக்கூடாது. மருந்து கசிந்த பஞ்சு, வைக்கோல் என எதையும் கையுறையின்றித் தொடக்கூடாது.

கண்ணைச் சுற்றியுள்ள முடிச்சுகளுக்கு பி.சி.ஜி. ஊசி நன்றாக வேலை செய்யும். பிறந்த குழந்தையின் கையில் போடும் அதே தடுப்பு மருந்துதான். கால் கட்டிகளுக்கு இது ஆகாது. இரண்டாவது, மூன்றாவது ஊசியின்போது கடும் ஒவ்வாமை வரக்கூடும். எனவே முன்கூட்டியே அதற்கான மருந்து கொடுத்துவிட்டு, வைத்தியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் போட வேண்டும்.

களிம்புகள்: 5-ஃபுளோரோயுராசில், வாரம் மூன்று முறை தடவும் இமிகுயிமோட் இரண்டும் தட்டை, மரு வகைகளுக்குப் பயன்படுபவை. இமிகுயிமோட் மாதக்கணக்கில் தொடர வேண்டும்; இடையில் தோல் வெந்து புண்ணாகி, குதிரை கையை அண்டவிடாது. அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. மருந்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் அசைக்ளோவிர் களிம்பைப் பலர் கேட்கிறார்கள். மருந்தில்லாக் களிம்போடு ஒப்பிட்டபோது அது மேலாக இருக்கவில்லை. நான் அதற்குப் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

கட்டியின் காம்பை இறுக்க ரப்பர் வளையம் போடுவது பற்றி ஒரு வார்த்தை. ஒட்டாத முடிச்சு, மெல்லிய காம்பு, அடியில் வேர் இல்லை என்று வைத்தியர் உறுதியாகச் சொன்னால் மட்டும். அப்போதும் ஏற்புவலித் தடுப்பூசிக்குப் பிறகுதான்.

9. காலத்தைத் தேர்ந்தெடுத்து, தொடங்கியதை முடியுங்கள்

வளராத கட்டி என்றால் மாரி ஓய்ந்து, தை மாதம் கழிந்த பிறகு தொடங்குவது நல்லது. சேறு காய்ந்திருக்கும், சுற்றுலாப் பயணிகள் வரும் காலத்துக்கு முன் குதிரைக்கு ஓய்வும் கிடைக்கும். சதை வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சீசன் முடியட்டும் என்று வைகாசியிலிருந்து ஆவணி வரை தள்ளிப்போடுவதால் இழப்பு உங்களுக்கே.

சிகிச்சை நடக்கும் இடத்தில் சேணவாரோ கயிறோ உரசக்கூடாது. கறுத்த பொருக்கு தானாக விழட்டும். உரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வீக்கமும் சீழ் போன்ற கசிவும் பல மருந்துகளில் எதிர்பார்க்க வேண்டியவையே. காய்ச்சல், தீனி எடுக்காமை, கண் மூடியே இருத்தல் ஆகியவை அப்படியல்ல, உடனே அழையுங்கள்.

காயத்தைக் கடல் நீரில் கழுவினால் ஆறும் என்று உப்புவெளியில் யாரும் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். மணலும் சேர்ந்து ஒட்டும். கொதித்தாறிய உப்பு நீர் போதும்.

10. இலையானும் மாடும்

இலையான்களின் உடலில் இந்த வைரஸின் டி.என்.ஏ. கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. மாட்டு மருவிலிருந்து குதிரையின் காயத்துக்கு அவை சுமந்து வருகின்றன என்பது வலுவான சந்தேகம். மாடுகள் வீதியிலும் கடற்கரையிலும் தன் பாட்டில் திரியும் ஊரில் அவற்றை முற்றாக விலக்க முடியாது. மருவுள்ள மாட்டைக் குதிரைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கட்டாமல் இருக்க முடியும்.

லத்தியைத் தினமும் அள்ளி, கொட்டிலிலிருந்து தள்ளிக் குவித்து மூடுங்கள். இரத்தம் குடிக்கும் கொட்டில் ஈ ஈர வைக்கோலும் சாணமும் கலந்த குப்பையில்தான் முட்டையிடும். காலையிலும் மாலையிலும் முகத்துக்கு வலை போடுங்கள். சிறு கீறலாக இருந்தாலும் அன்றே கழுவி, இலையான் அண்டாத களிம்பிட்டு மூடுங்கள். மாட்டுக்குப் பயன்படுத்திய கயிறு, தூரிகை, மயிர் வெட்டும் கருவி எதையும் குதிரைக்கு எடுக்க வேண்டாம்.

சார்கொயிட் உள்ள குதிரையைத் தனிமைப்படுத்த வேண்டியதில்லை. குதிரைக்குக் குதிரை நேரடியாகப் பரவுவது பெரிய ஆபத்தாகக் கருதப்படுவதில்லை. உபகரணத்தை மட்டும் தனியாக வையுங்கள்.

11. ஆறிய பிறகும், அடுத்த குதிரை வாங்கும்போதும்

முதல் ஆறு மாதம், மாதம் ஒரு முறை அதே கொப்பியில், அதே அளவுகோலோடு பதியுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தழும்பின் ஓரத்தில் கடுகளவு மணி தட்டுப்பட்டால் அன்றே படம் அனுப்புங்கள். ஒரு முறை வந்த குதிரைக்கு வேறிடத்தில் புதிதாக வரும் ஏதுநிலை வாழ்நாள் முழுவதும் இருக்கும்.

வாங்கப் போகும் குதிரையை 4ஆம் படியில் சொன்ன வரிசையிலேயே தடவிப் பாருங்கள். "அது சும்மா மரு, காசு கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார் விற்பவர். இருக்கும் இடத்தைப் பார்த்து விலை பேசுங்கள்: கழுத்தில் ஒரு சின்னத் தட்டைப் படையோடு காலம் தள்ளலாம், சேணவார்க் கோட்டிலோ கண் இமையிலோ இருந்தால், சிகிச்சைச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள், அல்லது வேறு குதிரை பாருங்கள்.